ஹனோயிலிருந்து சைகோனுக்கு, மெதுவாக

வருகிற மாசிக் கடைசியில் நானும் என் மனைவியும் வியட்நாம் போவதாக இருக்கிறோம். டிராவல்ஸ்காரர் ஒருவர் "அஞ்சு ராத்திரி ஆறு பகல் சார், எல்லாத்தையும் காட்டிடுவோம்" என்று ஒரு வண்ணத் தாளைக் கொடுத்தார். அதில் மூன்று உள்நாட்டு விமானங்கள், நான்கு ஓட்டல்கள், தினமும் காலை ஆறு மணிக்குப் பஸ். வீட்டம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தாளைப் பார்த்துவிட்டு, "இது சுற்றுலா இல்லீங்க, ஓட்டப்பந்தயம். நீங்க வேணா போயிட்டு வாங்க" என்றாள். ஆகவே நானே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் எந்த ஊருக்குப் போக நினைத்தாலும் முதலில் தேடுவது அந்த ஊர் ரயில்வேயைத்தான். தேடியதும் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி பொங்கியது. ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், பெரும்பாலும் ஒற்றை லைன், அத்தனையும் மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே ஒரு காலத்தில் நம்மையெல்லாம் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோன அதே ஒரு மீட்டர் அகலம். நம் மாநிலத்தில் இன்று அது நீலகிரி மலை ரயிலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே ஒரு தேசத்தின் முதுகெலும்பே அதுதான்.

நிற்காமல் போனால் ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். நாங்கள் அதை இருபது நாளாக நீட்டப் போகிறோம். எங்கெங்கே இறங்குவது, எத்தனை நாள் தங்குவது என்று பார்க்கத்தான் சரித்திரப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டப் புரட்ட வேறு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்களுக்குள் முதல் வாக்குவாதம், எந்த முனையில் தொடங்குவது என்பதில். மனைவியின் ஐயா, அதாவது அவள் அப்பாவின் அப்பா, சைகோனில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். காரைக்குடிப் பக்கம் அப்போது அதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். அவர் கும்பிட்ட கோயிலில் ஒரு விளக்குப் போடவேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. ஆகவே சைகோனில் இறங்கி வடக்கே போகலாம் என்பது அவள் கட்சி. ஹனோயில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கிலோமீட்டர் கல் பூஜ்யம் அங்கேதான் இருக்கிறது என்ற ரயில்வே புத்திதான் முதல் காரணம். ஆனால் நல்ல காரணம் ஒன்றும் பின்னால் கிடைத்தது.

வியட்நாம் வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே செவ்வாற்றின் டெல்டா, தெற்கே மேகாங் டெல்டா, நடுவில் மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு குச்சி. காவடித் தண்டின் இரு முனையிலும் இரண்டு நெல் கூடைகள் என்று அவர்களே தங்கள் நாட்டை வர்ணிப்பதுண்டு. இந்த நாடு எப்போதும் இந்த வடிவில் இருந்ததில்லை. வியட்நாமியர்கள் வடக்கு டெல்டாக்காரர்கள். 1010-ல் லீ வம்சத்து அரசர் இன்றைய ஹனோய் இருக்கும் இடத்துக்குத் தலைநகரைக் கொண்டுவந்தபோது, ஹுவேயிலிருந்து தெற்கே இருந்ததெல்லாம் வேறு ஜனங்களின் நாடு. அந்த ஜனங்கள் சாம் மக்கள், நாடு சம்பா. சிவனையும் அம்மனையும் செங்கல் கோபுரங்களில் வைத்துக் கும்பிட்டவர்கள். அரசர்களின் பெயர்கள் பத்ரவர்மன், சத்தியவர்மன், ஜெயசிம்மவர்மன்.

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வியட்நாமியர்கள் நகர்ந்து வந்த அந்தச் சில நூற்றாண்டுகளுக்கு அவர்கள் மொழியில் 'நாம் தியென்' என்று பெயர்; தெற்கு நோக்கிய நடை என்று அர்த்தம். ரயில்வே கிலோமீட்டர் பட்டியலை ஒரு பக்கமும், சம்பாவின் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கைமாறிய வருஷங்களை மறுபக்கமும் எழுதினேன். ஹுவே, கிலோமீட்டர் 688: 1306. டியூ ட்ரீ, கிலோமீட்டர் 1,096: 1471. நா ட்ராங், கிலோமீட்டர் 1,315: 1653. தாப் சாம், கிலோமீட்டர் 1,408: 1832. கிலோமீட்டர் ஏற ஏற வருஷமும் ஏறுகிறது. ஒரு நாடு எந்த வரிசையில் மறைந்ததோ அதே வரிசையில் ஸ்டேஷன்கள் வருகின்றன. இதை மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஹனோய்லயே ஏறுவோம். ஐயாவும் சைகோன்லேருந்துதானே கப்பலேறித் திரும்பினாங்க. நாமளும் அங்கேருந்தே திரும்பலாம்" என்றாள்.

ஹனோயில் நான்கு இரவு. அங்கே பார்க்க வேண்டியவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்புவது இரண்டு: ரயில் நிலையம், பாலம். ஹனோய் நிலையத்தின் இரண்டு பக்கமும் பிரெஞ்சுக்காரன் கட்டியது. நடுப்பகுதி மட்டும் சதுரமான சிமெண்ட் கட்டடம். 1972 டிசம்பரில் அமெரிக்கக் குண்டு விழுந்து நடு மண்டபம் போனது. பழையபடியே கட்டாமல் வித்தியாசம் தெரியும்படி கட்டிவிட்டார்கள். அழகாக இல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கென்னவோ அதுதான் நேர்மை என்று படுகிறது.

பாலம், செவ்வாற்றின் மேலுள்ள லாங் பியென். 1902-ல் திறந்தபோது அதற்கு டூமேர் பாலம் என்று பெயர். ஐஃபெல் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கட்டியது வேறு பிரெஞ்சுக் கம்பெனி. பெயருக்குரிய பால் டூமேர், 1897 முதல் 1902 வரை இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரல். இந்த நெடுநீள ரயில் பாதையைக் கனவு கண்டவர் அவர்தான். அந்தக் கனவுக்கும் ஆட்சிச் செலவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? உப்பு, சாராயம், அபின் மூன்றையும் சர்க்கார் ஏகபோகமாக்கி அதிலிருந்து வருமானம் திரட்டினார். உப்புக்காக வேதாரண்யம் வரை நடந்தவர்களின் ஊர்க்காரன் இதை வாசித்துவிட்டு அந்தப் பாலத்தை வெறும் வேலைப்பாடாக மட்டும் பார்க்க முடியாது. வடக்கு தெற்குப் பாதை 1899-ல் தொடங்கி, துண்டு துண்டாகக் கட்டி, 1936 அக்டோபரில்தான் முழுதாகச் சேர்ந்தது. டூமேர் அதைப் பார்க்கவில்லை. பிரான்ஸின் ஜனாதிபதியாகி, 1932-ல் சுடப்பட்டு இறந்துபோனார்.

37 வருஷம் கட்டிய பாதை முழுசாக ஓடியது சொற்ப காலம். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சில் பாதை அறுந்தது. 1945-ல் வடக்கே பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் செத்தார்கள். தெற்கே நெல் இருந்தும் ஏற்றிவர வழியில்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். ரயில் ஓடாத நாளில் என்ன நடக்கும் என்பதை நான் சிறு அளவில் புயல் சமயங்களில் பார்த்திருக்கிறேன். இந்த அளவில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிறகு பிரெஞ்சுக்காரனோடு சண்டை; அப்போது பாதையைப் பெயர்த்தவர்கள் விடுதலைப் படையினரே. 1954-ல் ஜெனீவாவில் நாட்டை 17-வது அட்சரேகையை ஒட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் தேர்தல் நடத்திச் சேர்ப்பதாகப் பேச்சு. தேர்தல் நடக்கவே இல்லை. அந்த உடன்பாட்டைக் கண்காணிக்கப் போட்ட சர்வதேசக் குழுவுக்கு இந்தியாதான் தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். நம் ராணுவ அதிகாரிகள் அந்தக் கோட்டின் இரு பக்கமும் போய்வந்து அறிக்கை எழுதிக்கொண்டே இருந்தார்கள். கோடு நின்றது, ரயில் நின்றது.

ஹனோயிலிருந்து ஹுவேவுக்கு ராத்திரி வண்டி. 175-வது கிலோமீட்டரில் தான் ஹோவா ஊருக்கு அருகே ஹாம் ரோங் பாலம் வரும். 1965-லிருந்து அமெரிக்க விமானங்கள் ஏழு வருஷம் அதைத் தகர்க்கப் பார்த்தன. 1972-ல் லேசர் வழிகாட்டும் குண்டு வந்த பிறகுதான் விழுந்தது. அதைத் தாண்டும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம், அல்லது நான் மட்டும் விழித்திருப்பேன். பழைய எல்லையான பென் ஹாய் ஆற்றை மட்டும் வெளிச்சத்தில் கடக்க வேண்டும் என்று அதற்கேற்ற வண்டியாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஹுவேயில் மூன்று இரவு. 1802 முதல் 1945 வரை இதுதான் தலைநகரம். கோட்டை, அரண்மனை, ஆற்றங்கரை அரச சமாதிகள். 1968-ல் நடந்த சண்டையில் அரண்மனையின் பெரும்பகுதி மண்ணானது. ஆனால் என் பட்டியலில் ஹுவேக்கு எதிரே எழுதியிருப்பது அதற்கெல்லாம் முந்தைய 1306. அந்த வருஷம் சம்பா அரசன் ஜெயசிம்மவர்மன், வியட்நாமிய இளவரசி ஹுயென் ட்ரானை மணந்தான். பெண்ணுக்குப் பரிசமாக அவன் கொடுத்தது இரண்டு மாகாணங்கள். இன்றைய ஹுவே அந்தப் பரிசத்தில் அடக்கம். மறு வருஷமே அவன் இறந்துபோனான். ராணியும் சிதையேற வேண்டும் என்பது அங்கத்திய வழக்கம் என்று கேள்விப்பட்டு, அவளுடைய பிறந்த வீட்டார் தூதரை அனுப்பி அவளை மீட்டுக்கொண்டு போனார்கள் என்று வியட்நாமிய வரலாறு சொல்கிறது. பெண் திரும்பிப் போனாள்; நிலம் திரும்பவில்லை. மனைவி இதைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல நகைக்காவது பஞ்சாயத்து வெப்பாங்க" என்றாள். இதற்காகப் பின்னால் எத்தனை பஞ்சாயத்து, எத்தனை படையெடுப்பு!

ஹுவேயிலிருந்து டா நாங் 103 கிலோமீட்டர்தான். இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும். ஹாய் வான் மலை கடலில் கால் வைக்கும் இடத்தில் பாதை வளைந்து வளைந்து போகிறது. தெற்கே போகிறவர்கள் இடப்பக்கம் உட்கார வேண்டும். கடல் அந்தப் பக்கம். இதைப் பகலில் போகாதவர்கள் வியட்நாம் ரயிலில் போனதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

டா நாங்கில் இறங்கி, 30 கிலோமீட்டர் தள்ளி ரயில் போகாத ஹோய் ஆனில் நான்கு இரவு தங்குகிறோம். பழைய துறைமுகம்; ஜப்பானியரும் சீனரும் வந்து வியாபாரம் செய்த ஊர். ஆறு தூர்ந்து, வியாபாரம் டா நாங்குக்குப் போனதால் பழைய வீடுகளை யாரும் இடிக்கவில்லை. ஏழ்மை காப்பாற்றிய அழகு. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான் கிடைத்தது.

நான்கு இரவு வைத்திருப்பது மி சன் போய்வரத்தான். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் சம்பா அரசர்களின் சிவத்தலம். நான்காம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் பத்ரவர்மன் இங்கே பத்ரேஸ்வரரைப் பிரதிஷ்டை செய்தான். அதற்குப் பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1969 ஆகஸ்டில் குண்டு விழுந்து மிக உயர்ந்த கோபுரம் நொறுங்கியது. போருக்குப் பிறகு கசிமியெஷ் க்வியத்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் வந்து, பல வருஷம் அங்கேயே கிடந்து, மிஞ்சியதைத் தாங்கி நிறுத்தினார். 1997-ல் ஹுவேயில் இறந்தார். பிறகு நம் தொல்லியல் துறையினர் போய் வேலை செய்தார்கள். 2020-ல் அவர்கள் தோண்டும்போது ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் முழுசாகக் கிடைத்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். "வியட்நாமில் சோழன் கட்டிய கோயில்" என்று வாட்ஸ்அப்பில் இந்தப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சோழன் கட்டவில்லை. கட்டியவர்கள் சாம் மக்கள். அவர்கள் மொழி மலாய்க்கு உறவு. நா ட்ராங் அருகே கிடைத்த வோ கான் கல்வெட்டு தென்கிழக்காசியாவின் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் ஒன்று. அதில் ஸ்ரீமாரன் என்று ஒரு பெயர் வருகிறது. உடனே அவனைப் பாண்டியனாக்கி விடுகிறார்கள். ஒரு பெயர் ஒத்துப்போவதால் மட்டும் ஒரு வம்சத்தை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. நாட்டை இழந்தவர்களிடமிருந்து கோயிலையும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டுமா? நம் ஊர்ச் சாமியை அவர்கள் தங்கள் செங்கல்லில், தங்கள் முகத்தோடு வைத்துக் கும்பிட்டார்கள். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கிறது.

டியூ ட்ரீ பற்றி இன்னும் முடிவாகவில்லை. குயி ஞோன் ஊருக்கு அதுதான் சந்திப்பு நிலையம். பக்கத்தில்தான் விஜயா என்ற சம்பா தலைநகரம் இருந்தது. 1471-ல் வியட்நாமிய அரசர் லே தான் டோங் அதைப் பிடித்தார். சம்பா அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. கோபுரங்கள் குன்றுகளின் மேலே இருப்பதால் முழங்கால் பிரச்சினை. ஒரு இரவு தங்கினால் நான் மட்டும் ஏறிப் பார்க்கலாம்.

நா ட்ராங்கில் மூன்று இரவு. இரண்டு கடற்கரைக்கு, ஒன்று அம்மனுக்கு. ஆற்றங்கரை மேட்டில் போ நகர் கோயில். 774-ல் கடல்வழி வந்த கொள்ளைக்காரர்கள் அதைக் கொளுத்தினார்கள். 784-ல் சத்தியவர்மன் திருப்பிக் கட்டினான். வாசலுக்கு மேலே எருமை மீது நிற்கும் தேவி. 1653-ல் ஊர் வியட்நாமியர் கைக்குப் போன பிறகு அவர்கள் அம்மனை வெளியே போடவில்லை. பட்டு உடுத்தி, தியென் ஒய் ஆ நா என்று பெயர் வைத்துத் தாங்களே கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயித்தவன் தோற்றவனின் அம்மனிடம் பிள்ளை வரம் கேட்பது நமக்கொன்றும் புதிதல்ல.

அடுத்தது தாப் சாம். இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்க்கும் ஸ்டேஷன் இதுதான். பெயருக்கே 'சாம் கோபுரம்' என்று பொருள். ஸ்டேஷனுக்கு அருகிலேயே குன்றின் மேல் போ க்லோங் கராய் கோயில் நிற்கிறது. உள்ளே லிங்கத்தில் அரசனின் முகம் செதுக்கியிருக்கிறது. இந்தப் பகுதிக்குப் பாண்டுரங்கம் என்று பெயர். 1698-லேயே வியட்நாமியர் இதைத் தாண்டிப்போய்ச் சைகோனில் நிர்வாகம் அமைத்துவிட்டார்கள். ஆனாலும் நடுவில் இந்தச் சிறு ராஜ்ஜியம் பெயரளவில் 1832 வரை இருந்தது. மின் மாங் பேரரசர் அதையும் கலைத்தார். ஜனங்கள் எங்கும் போகவில்லை. சாம் மக்களில் ஒரு பிரிவினருக்கு இன்றும் 'பலமோன்' என்று பெயர். பிராமணன் என்ற சொல்தான். அவர்களுடைய பூசாரிகள் இதே கோயிலில் வருஷா வருஷம் காத்தே திருவிழா நடத்துகிறார்கள். அது அக்டோபர் வாக்கில் வரும். அந்த மாதங்களில் நடு வியட்நாமில் புயலும் வெள்ளமும் என்பதால் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தாப் சாமுக்கு இன்னொரு பெருமை உண்டு. இங்கிருந்துதான் டா லாட் மலைக்கு 84 கிலோமீட்டர் ரயில் பாதை போனது; 1932-ல் முடிந்தது. மீட்டர் கேஜ், நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த நீராவி எஞ்சின்கள். மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும், நம் ஊட்டி ரயிலின் உடன்பிறப்பு! அதே பல் அமைப்பு, அதே வின்டர்தூர் பட்டறை. நம்முடையது 12 அடிக்கு ஓர் அடி ஏறும். அவர்களுடையது 100-க்கு 12, இன்னும் செங்குத்து. போர்க்காலத்தில் அது ஓடாமல் போனது. 1975 ஏப்ரலில் போர் முடிந்ததும், வடக்கையும் தெற்கையும் சேர்க்கும் பெரிய லைனைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். 1,300-க்கும் மேற்பட்ட பாலங்கள், 27 சுரங்கங்கள், 158 நிலையங்கள் என்று கணக்கு. பொருளுக்கு எங்கே போவது? டா லாட் மலைப்பாதையைக் கழற்றினார்கள். அந்தத் தண்டவாளமும் ஸ்லீப்பரும் பெரிய லைனுக்குப் போயின. 1976 டிசம்பர் கடைசியில் மறுபடி ஹனோய்க்கும் சைகோனுக்கும் வண்டி ஓடியது.

நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதே உத்தரவில்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். குடும்பங்கள் இருபது வருஷமாகப் பிரிந்து கிடக்கும்போது மலைவாசஸ்தலத்துக்குப் பாதை எதற்கு? ஆனாலும் வயிறு எரிகிறது. அநாதையாகக் கிடந்த எஞ்சின்களில் சிலவற்றை 1990-ல் சுவிட்சர்லாந்துக்காரர்களே வாங்கித் தங்கள் மலைக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். டா லாட்டில் இப்போது 7 கிலோமீட்டர் துண்டு மட்டும் சுற்றுலாவுக்கு ஓடுகிறது. பஸ்ஸில் ஏறிப்போய் அதைப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டேன். "ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருக்கோம், போதும்" என்று தீர்ப்பாகிவிட்டது.

கடைசியில் சைகோன், நான்கு இரவு. நகரத்துக்கு ஹோ சி மின் பெயர் வந்துவிட்டாலும் ஸ்டேஷன் பெயர் இன்னும் சைகோன்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சி வந்தபோது பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சர்க்கார் உத்தியோகத்துக்கும், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழிலுக்கும் இங்கே வந்தார்கள். மாரியம்மனும் தெண்டாயுதபாணியும் அவர்களோடு வந்து தங்கினார்கள். 1975-க்குப் பிறகு தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயிலில் இன்று கூட்டம் வியட்நாமியரும் சீனரும்தான்.

மனைவி வீட்டில் ஐயாவின் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்தது, 1930-களில் நெல் விலை விழுந்து கொடுத்த பணமெல்லாம் நிலத்தில் முடங்கியது, வெறுங்கையோடு கப்பலேறியது. வாங்கிய விவசாயியின் நிலம் என்ன ஆனது என்று அந்தக் கதையில் வராது. மேகாங் டெல்டா விவசாயிகள் வீட்டில் அதே கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதை மனைவியிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயாவே கடைசிக் காலத்துல அந்த ஊர்ச் சம்சாரிங்க பேரைச் சொல்லிப் புலம்புவாங்களாம், அப்பத்தா சொல்லியிருக்காங்க. ஏன்னு யாரும் கேட்டதில்ல" என்றாள். விளக்கு ஒன்று போடுவதா இரண்டு போடுவதா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறாளாம்.

இப்போதைக்கு மிச்சமிருப்பது டிக்கெட். டெட் என்கிற அவர்களுடைய புது வருஷத்தின்போது வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. அது கழிந்து இரண்டு வாரம் விட்டுத்தான் கிளம்புகிறோம். நான்கு பேர் படுக்கும் பெட்டியில் கீழ்ப் படுக்கை இரண்டு வேண்டும். மேலே ஏறுகிற வயதும் முழங்காலும் இல்லை. ராத்திரிப் பயணம் அந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் பகல் வண்டி. டியூ ட்ரீக்கு எதிரே மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.